அப்பா பக்கத்து உடம்பு

எங்கள் வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேரையும் பிறந்த உடனேயே பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அக்கா அம்மா பக்கம். நான் அப்பா பக்கம். அக்காவின் நீள விரல்களையும் ஒடுங்கிய முகத்தையும் பார்த்தவர்கள் எல்லாரும் தாய் வீட்டுச் சாயல் என்று ஒரே குரலில் முடிவு கட்டினார்களாம். சில வருடம் கழித்து நான் வந்தபோது யாரும் யோசிக்கவே இல்லை. அப்பாவின் தங்கையைக் கூப்பிட்டு, என்னை அவருடைய மடியில் வைத்து, இரண்டு பேருடைய கன்னங்களையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்து அலுவலை முடித்துவிட்டார்கள்.

அந்தத் தங்கைதான் என் மாமி. அளவெட்டியில் வாழ்க்கைப்பட்டவர். பிள்ளைகள் இல்லை. அதனால் என்னைத் தன் பிள்ளை என்றே சொல்லிக்கொண்டு திரிந்தார். நம்பாதவர்களுக்கு என் உடம்பைக் காட்டினால் போதும். மாமியைப் பருமன் என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. மாமி ஏறினால் ஓட்டோவில் கூட வருகிறவர்கள் சைக்கிள் தேட வேண்டும். கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்கப் போகும்போது வீட்டிலிருந்து கதிரையும் போகும், ஏனென்றால் நிலத்தில் இருந்த மாமியை எழுப்புவதற்குத் தேர் இழுக்கிற ஆட்கள் வேண்டும். இந்தப் பகிடிகள் எதுவும் நான் உண்டாக்கியவை அல்ல. எல்லாம் மாமி தன்னைப் பற்றித் தானே சொன்னவை. வேறு யாரும் வாய் திறப்பதற்கு முன்பே தன் உடம்பைப் பற்றி ஒரு பகிடியை விட்டு, எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் கதிரையில் இருப்பார்.

நான் உடுவிலில் வீட்டோடு தையல் மெசின் போட்டுச் சாறிச் சட்டை தைக்கிறேன். பள்ளிக்கூட ஆசிரியைகள், வங்கியில் வேலை செய்கிற பிள்ளைகள், ஆவணி மாதக் கலியாணங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறவர்கள் என்று எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். ஊரில் யார் மெலிந்தார், யார் பெருத்தார், யார் முழுகாமல் இருக்கிறார் என்பதெல்லாம் அவர்களுடைய கணவன்மாருக்கு முன்பே என் அளவு நாடாவுக்குத் தெரிந்துவிடும். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. எந்தச் சட்டையிலும் உள்ளே தாராளமாகத் துணி விட்டுத்தான் தைப்பேன். அடுத்த வருடம் பிரித்து விடலாம் என்று நான் சொன்னால் கோபிப்பார்கள். அடுத்த வருடம் அதே சட்டையை அவர்களே கொண்டு வருவார்கள்.

இத்தனை பேரை அளந்த நான் ஒரு நாளும் மாமியை அளந்ததில்லை. கேட்டால், "உன்ரை நாடா எனக்குக் காணாது பிள்ளை, ரண்டு நாடாவை முடிஞ்சு கொண்டு வா" என்பார். எல்லாரும் சிரிப்போம். தன் சட்டைகளைத் தானே கையால் தைத்துக்கொள்வார், அதுவும் கோணலாக. தையல்காரியான எனக்கு அது பெரிய மானக்கேடு. கிணற்றடியில் பெண்கள் எல்லாரும் குறுக்குக்கட்டோடு நின்று குளித்த காலத்திலேயே மாமி வீட்டுக்குள் குளியலறை கட்டுவித்துவிட்டார். "நான் அள்ளிக் குளிச்சால் அளவெட்டிக் கிணறெல்லாம் வத்திப் போம்" என்றார். அதற்கும் சிரித்தோம்.

அம்மா பக்கம், அப்பா பக்கம் என்ற பிரிவினை எங்கள் குடும்பத்தில் நோய் வருத்தங்களுக்கும் செல்லும். எங்கள் ஊர்ப் பழைய வழக்கப்படி தாயின் காணி சீதனமாக மகளுக்குப் போகும், தகப்பனின் முதுசம் ஆண்பிள்ளைகளுக்குப் போகும். அதே சட்டத்தில் பெண்களுடைய வருத்தமும் தாய் வழியாகத்தான் இறங்கும் என்று யாரோ தீர்த்து வைத்திருந்தார்கள். அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, மார்புப் புற்றுநோயில் போனவர். ஆகவே அந்தப் பயம் முழுவதும் அக்காவுக்கு எழுதி வைத்த காணி. எனக்கு அதில் ஒரு பரப்பும் கிடையாது. எனக்கு உரித்தானவை அப்பா பக்கத்துப் பிறசரும் சீனி வருத்தமும்தான்.

அக்கா தன் பங்கை வெகு பக்தியோடு காத்து வந்தாள். வெள்ளிக்கிழமை, சதுர்த்தி, கந்தசட்டி என்று ஒரு விரதமும் விடமாட்டாள். அவளுடைய சட்டையை நான் தைக்கும்போது துணி மிஞ்சும், என்னுடையதைத் தைக்கும்போது கடைக்கு மறுபடி ஓட வேண்டும். "நீ குடுத்து வைச்சனி, என்னத்தையும் திண்டுபோட்டுப் படுக்கலாம்" என்று என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். விரதத்துக்கு அவித்த மோதகத்தில் அவளுடைய பங்கையும் நான் சாப்பிட்டுக்கொண்டே ஆறுதல் சொல்வேன்.

போன வருடம் லண்டனில் இருக்கிற பெரியம்மாவின் மகளிடமிருந்து அழைப்பு வந்தது. அங்கே அவளுக்கு இரத்தம் எடுத்து மரபணு பார்த்திருக்கிறார்கள், குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் உடம்பைக் காட்டுவது நல்லது என்று டொக்டர் சொன்னாராம். அவள் அக்காவுக்கு மட்டும்தான் அழைத்தாள். எனக்கு அழைக்கவில்லை. இவ்வளவு காலம் லண்டனில் இருந்தும் எங்கள் வீட்டுச் சட்டத்தை மறக்கவில்லையே என்று நான் மெச்சினேன்.

அக்காவுக்குத் துணையாக நான்தான் பெண்கள் கிளினிக்குக்குப் போனேன். கைப்பையில் தட்டை வடைப் பொட்டலம் இருந்தது. காத்திருக்கிற இடத்தில் பசி வந்தால் என்ன செய்வது? டொக்டர் இளம் பெண். அக்காவைச் சோதித்துவிட்டு, இப்போதைக்குப் பயப்பட ஒன்றும் இல்லை, ஆனாலும் ஒருமுறை மமோகிராம் எடுப்போம் என்றார். பிறகு மூலையில் இருந்த என்னைப் பார்த்தார்.

"நீங்கள் ஆர் அம்மா?"

"தங்கச்சி. துணைக்கு வந்தனான். எனக்கு உது வராது டொக்டர், நான் அப்பா பக்கம்."

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். அப்பா பக்கம் என்றால் என்ன என்று கேட்டார். அக்கா விரல், முகம், கன்னம், சீதனம் எல்லாவற்றையும் ஒழுங்காக விளங்கப்படுத்தினாள். டொக்டர் சிரிக்காமல் முழுவதையும் கேட்டார். அந்தப் பொறுமைக்கே அவருக்கு இன்னொரு பட்டம் கொடுக்கலாம்.

"உங்கள் ரண்டு பேருக்கும் அம்மாவும் ஒராள், அப்பாவும் ஒராள்தானே" என்றார். "முகம் ஆரைப் போலை எண்டுறது வேறை கதை. இந்த வருத்தத்துக்கு இடம் குடுக்கிற மரபணு அப்பாவாலையும் வரும். அவருக்கு ஒண்டும் காட்டாமல் இருக்கும். ஆனால் மகளுக்குக் கடத்திப்போட்டுப் போயிடுவார். நீங்களும் பெரியம்மாவின்ரை பெறாமகள்தான். அக்காவும் உங்கடை அப்பாவின்ரை மகள்தான்."

ஆயுள் முழுவதும் பிரித்து வேலி அடைத்து வைத்திருந்த காணியை ஒரு நிமிடத்தில் பொதுக் காணி ஆக்கிவிட்டார். அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். என் பிறசரிலும் தனக்குப் பங்கு உண்டு என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

பிறகு என் உடம்புக்கு வந்தார். மாதவிடாய் நின்றுவிட்டதா என்று கேட்டார். நின்று இரண்டு வருடம் என்றேன். அந்தப் பருவத்தில் முட்டை விடுகிற சூலகம் ஓய்வெடுத்துவிடும், ஆனால் உடம்பில் இருக்கிற கொழுப்பு ஓய்வெடுக்காது, ஈஸ்ட்ரோஜன் என்ற ஓமோனைத் தன்பாட்டில் செய்துகொண்டே இருக்கும், மார்புப் புற்றுநோய்களில் பல அதைத் தின்று வளர்கிறவை என்றார். இத்தனை காலமும் இது சும்மா தொங்குகிற சதை என்றல்லவா நினைத்திருந்தேன். உள்ளே வேலை நடக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"அப்ப மரபணுவோ, கொழுப்போ? எது பிழை?" என்று கேட்டேன்.

"ரண்டும் தனித்தனியாயும் ஆபத்தைக் கூட்டும், சேர்ந்தால் இன்னும் கூட்டும்" என்றார். மரபணுவில் ஒரே ஒரு பெரிய கோளாறு சில குடும்பங்களில் உண்டாம், அது அரிதாம். மற்றவர்களிடம் இருப்பது சின்னச் சின்ன வித்தியாசங்கள், கன இடங்களில். ஒவ்வொன்றும் தனியே பெரிதாக ஒன்றும் செய்யாது. பல ஒன்று சேர்ந்த உடம்பில் கொழுப்பும் ஏறினால் கூடுதல் கவனம் வேண்டும். உடம்பு வைக்கிற சுபாவத்திலேயே மரபணுவுக்குப் பங்கு உண்டாம். அதைக் கேட்டதும் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். என் சாப்பாட்டை மட்டும் குறை சொன்னவள் அவள்.

எனக்கு விளங்கிய மொழியில் நான் திருப்பிச் சொன்னேன். தையலில் நூல் பலவீனம் என்றாலும் உடம்பு இறுக்காவிட்டால் சட்டை பல வருடம் நிற்கும். நல்ல நூல் என்றால் கொஞ்சம் இறுக்கத்தையும் தாங்கும். பலவீன நூலும் இறுக்கமும் சேர்ந்தால்தான் கை தூக்கும்போது பிரிந்துவிடும்.

"அப்பிடியும் சொல்லலாம்" என்றார் டொக்டர். "ஆனால் மெல்லிய ஆக்களுக்கு வராது எண்டும் இல்லை, உடம்பு வைச்ச எல்லாருக்கும் வரும் எண்டும் இல்லை." "வராது" வரைக்கும் கேட்டு மலரத் தொடங்கியிருந்த அக்காவின் முகம் பாதியில் நின்றுவிட்டது.

கடைசியாகத்தான் முக்கியமானதைக் கேட்டார். இரத்தத்தில் மரபணு பார்ப்பது எல்லாருக்கும் செய்கிற காரியம் இல்லை, முதலில் வேண்டியது குடும்பத்துக் கதை. யாருக்கு வந்தது, எந்தப் பக்கம், எத்தனை வயதில். மாதவிடாய் நிற்பதற்கு முன்பே வந்திருந்தால் அந்தக் குடும்பத்துப் பெண்களை வேறு விதமாகக் கவனிக்க வேண்டும். "உங்களுக்கு மகள் இருக்கிறாவோ?" என்றும் கேட்டார். இருக்கிறாள் என்றேன். அப்படியென்றால் அவளை எந்த வயதிலிருந்து கவனிப்பது என்பதும் இந்தக் கதையில்தான் தங்கியிருக்கிறது என்றார்.

"அப்பா பக்கத்திலை ஆருக்கும்?"

"ஒருத்தருக்கும் இல்லை" என்று பட்டென்று சொன்னேன். அக்கா மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே ஓட்டோவில் ஏறிய பிறகுதான் அவள் வாய் திறந்தது. "மாமி ஒருக்கால் கப்பலிலை கொழும்புக்குப் போனது ஞாபகம் இருக்கோ? கண் காட்ட எண்டு."

ஞாபகம் இருந்தது. தரைப் பாதை பூட்டியிருந்த சண்டைக் காலம். பாஸ் எடுத்து, மாமாவோடு கப்பலில் போய், மாதக் கணக்காக அங்கே நின்றார். கண் காட்டப் போன மனுசி கண்ணாடி இல்லாமல் திரும்பி வந்தார். அப்போது அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அப்போது கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, என் கவனமெல்லாம் மாப்பிள்ளையின் மீசையில் இருந்தது.

"உதை இப்ப கிளறாதை" என்றாள் அக்கா. "உன்ரை பெட்டையின்ரை கலியாணப் பேச்சு நடக்குது. மாப்பிள்ளை பகுதிக்கும் அளவெட்டியிலை சொந்தக்காரர் இருக்கினம்."

அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் வருத்தத்தைப் பெயர் சொல்லி அழைப்பது கலியாணம் முடிந்த வீடுகளில்தான். குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டில் புற்றுநோய் வயிற்றுக் குத்தாக இருக்கும், இழுப்பு வெறும் சளித் தடிமனாக இருக்கும். ஆனால் என் மகள் எங்கள் வரிசையில் மூன்றாம் பதிப்பு. மாமியின் கன்னம், மாமியின் கை, மாமியின் நடை. டொக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் அளவெட்டியில் இருந்தது, அதைக் கேட்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு அது உண்மையிலேயே நடந்தது, அக்கா சாட்சி.

மாமாவும் அப்பாவும் போன பிறகு மாமி தனியாக இருக்கிறார். இப்போது காதும் மந்தம். தெருவில் போகிறவரோடு பேசுகிற மாதிரித்தான் பக்கத்தில் இருப்பவரோடும் கதைப்பார். நான் போன உடனே பயத்தம் பணியாரம் வந்தது, பிறகு பால் தேத்தண்ணி, பிறகு வாழைப்பழம்.

"மாமி, நீங்கள் அந்த நேரம் கொழும்புக்குப் போனது ஏன்?"

"கண்ணுக்கு."

"கண்ணுக்கு என்ன?"

"உன்னைப் போலை வடிவான ஆக்களைப் பாத்துப் பாத்துக் கூசிப்போச்சு" என்றார். தானே சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், அந்தப் பழக்கம் விடவில்லை. திரும்பி வரும்போது கையில் ஒரு பை நிறையப் பணியாரம் இருந்தது, கேள்வி கேட்டபடியே இருந்தது.

அடுத்த கிழமை மறுபடி போனேன். இந்த முறை பணியாரத்தைத் தொடவில்லை. அதைப் பார்த்ததுமே மாமிக்கு விசயம் பெரிது என்று விளங்கியிருக்க வேண்டும். டொக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். "எனக்காக இல்லை மாமி, என்ரை பெட்டைக்காகக் கேக்கிறன்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. கத்திச் சொன்னேன். கையை நீட்டி என் வாயைப் பொத்தினார்.

"கத்தாதை, மதிலுக்கு அங்காலை ஆக்கள்" என்று கிசுகிசுத்தார். மாமி கிசுகிசுத்ததை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

"மாப்பிள்ளை பகுதி உன்னைப் பாக்க வந்தது ஞாபகமோ? பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை அந்த மனுசி, உன்ரை மாமியார், என்னையும் உன்னையும் பாத்திட்டு, மாமியும் மருமகளும் ஒரே அச்சு எண்டு சொன்னவ. எல்லாரும் சிரிச்சியள். எனக்கு நெஞ்சு பக்கெண்டுது பிள்ளை. அந்தக் கிழமைதான் எனக்கு மார்பிலை கட்டி தட்டுப்பட்டது. ஒரே அச்சு எண்டால் எனக்கு வந்தது உனக்கும் வரும் எண்டெல்லோ அவையள் நினைப்பினம்."

குடும்பத்துச் சட்டத்தை நம்பாத ஒரே ஆள் மாமிதான். டொக்டர் எனக்குச் சொன்னதை அவர் என் கலியாணத்துக்கு முன்பே தன்பாட்டில் யோசித்து முடித்திருந்தார். அதனால்தான் மூடி மறைத்தார். அப்பாவுக்கும் மாமாவுக்கும் மட்டும் தெரியும். அம்மாவுக்குக் கூடச் சொல்லவில்லை.

"இடது பக்கத்தை முழுக்க எடுத்துப்போட்டினம்" என்றார். "வந்து ரண்டு மாசத்திலை உன்ரை கலியாணம்."

என் கலியாணத்தில் மாமி ஆலாத்தி எடுத்தார். இடது கை மேலே வரவில்லை, தட்டு சரிந்து, மஞ்சள் தண்ணீர் மாப்பிள்ளையின் வேட்டியில் சிந்தியது. "கை கொழுத்துப்போச்சு, எழும்பமாட்டன் எண்டுது" என்று மாமி சொன்னார். மணவறையே சிரித்தது. மாலையோடு நின்ற நான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன்.

இப்போது எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. நாடா காணாது, கிணறு வற்றிப் போகும், கை எழும்பாது, எல்லாம் அதற்குத்தானா என்று கேட்டேன்.

"ஆக்கள் சிரிக்கேக்கை பாக்க மாட்டினம் பிள்ளை" என்றார் மாமி. அவர் முகத்தில் கவலை இல்லை. சமையல் முறை சொல்வது போலத்தான் சொன்னார்.

டொக்டர் என் நிறையைக் கேட்டபோது நான் என்ன சொன்னேன் என்று நினைத்துப் பார்த்தேன். தராசு பயந்துபோய்விடும் என்று சொல்லியிருந்தேன். அந்தப் பகிடியும் எனக்கு அப்பா பக்கத்தால்தான் வந்திருக்கிறது.

டொக்டரிடம் வந்து நேரே சொல்லுங்கள், என்ன மருந்து, என்ன சத்திரசிகிச்சை என்று அவர் கேட்பார் என்றேன். மாமி முடியாது என்றுவிட்டார். "ஊர் அறியும். பெட்டையின்ரை பேச்சு முடியட்டும், பிறகு பாப்பம்" என்றார். அக்கா சொன்ன அதே காரணம். நான் பணியாரம் இல்லாமல் வீடு வந்தேன்.

நான் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "அவையள் வேண்டாமெண்டால் வேறை ஆக்களைப் பாக்கலாம் அம்மா, எனக்கு வேறை உடம்பு பாக்க ஏலாதே" என்றாள். வாயும் எங்கள் பக்கத்து வாய்தான்.

அவளை வைத்து மாமியோடு கதைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த கிழமையிலேயே, ஒரு காலையில் எங்கள் வாசலில் ஓட்டோ வந்து நின்றது. மாமி கோயிலுக்குக் கட்டுகிற சாறியில் இறங்கினார். "என்ன இன்னும் வெளிக்கிடேல்லை? டொக்டரிட்டைப் போவம்" என்றார். வழியில் காரணமும் சொன்னார். "அப்ப உன்ரை கலியாணத்துக்காக மறைச்சன். இப்ப பாத்தால் உனக்கே மறைச்சுக்கொண்டிருக்கிறன். அது என்ன பேய்வேலை?"

கிளினிக்கில் அன்றைக்குத் திருவிழாக் கூட்டம். அக்காவும் தன் மமோகிராம் படத்தோடு வந்திருந்தாள். டொக்டரின் அறைக்குக் கதவு இல்லை, ஒரு பச்சைத் திரைச்சீலைதான். திரைக்கு வெளியே வாங்குகளில் பெண்கள் நெருக்கி இருந்தார்கள். அவர்களில் அளவெட்டிக்காரிகள் இரண்டு பேரை நான் வரும்போதே கண்டுவிட்டேன். ஒருத்திக்கு நான்தான் சட்டை தைப்பேன்.

டொக்டர் மெல்லிய குரலில் கேட்டார். "என்ன?" என்றார் மாமி. டொக்டர் கொஞ்சம் உயர்த்திக் கேட்டார். மாமிக்கு இப்போது விளங்கியது.

"ஓம் பிள்ளை, கான்சர்தான்!" மாமியின் சொந்தக் குரல், அளவெட்டியிலிருந்து உடுவிலைக் கூப்பிடுகிற குரல். "இடது பக்கம்! முழுக்க வெட்டி எடுத்தது! அப்ப நாப்பத்தைஞ்சு வயசு! மாசாமாசம் வாறது அப்ப நிக்கேல்லை!"

வெளியே நடந்துகொண்டிருந்த பேச்சு எல்லாம் நின்றது. ஒரு குழந்தை மட்டும் அழுதது, அதையும் யாரோ அமர்த்திவிட்டார்கள்.

அக்கா மாமியின் தோளைத் தொட்டாள். "மெதுவாய் மாமி."

"என்ன?"

"மெதுவாய்!"

"இவ்வளவு காலமும் மெதுவாய்த்தானே இருந்தனான்!" என்றார் மாமி.

டொக்டர் எல்லாவற்றையும் கேட்டு எழுதினார். இரண்டு பக்கத்திலும் ஒவ்வொருவர், அப்பா பக்கத்து ஆளுக்கு மாதவிடாய் நிற்க முதல். அது கட்டாயம் மரபணுதான் என்று அர்த்தம் இல்லை, ஆனால் நாங்கள் சும்மா இருக்கவும் முடியாது என்றார். எனக்கு அன்றைக்கே மமோகிராமுக்கு எழுதினார். மகளையும் ஒருமுறை கூட்டி வரச் சொன்னார், எப்போதிருந்து சோதிப்பது என்று முடிவு செய்வதற்கு. மரபணுவை மாற்ற முடியாது, மற்றதை மாற்றலாம் என்று சொல்லி என் கைப்பையைப் பார்த்தார். வடைப் பொட்டலம் எண்ணெய் கசிந்து அடையாளம் காட்டிவிட்டது.

நாங்கள் திரையை விலக்கி வெளியே வந்தபோது யாரும் எங்களை நேரே பார்க்கவில்லை. என் சட்டைக்காரி மட்டும் எழுந்து வந்து மாமியின் கையைப் பிடித்தாள். தன் இடத்தில் மாமியை இருத்திவிட்டுத் தான் சுவரோரம் நின்றாள். "நான் இருந்தால் வாங்கு முறியும்" என்று சொல்வதற்கு மாமி வாய் எடுத்தார். எனக்குத் தெரியும், அவர் உதடு அதற்குத்தான் குவிந்தது. பிறகு அதைச் சொல்லாமலே வாங்கில் சாய்ந்தார்.

செய்தி எங்கள் ஓட்டோவுக்கு முன்பே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மாப்பிள்ளை பகுதி யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் யோசிக்கிறார்கள். நன்றாக யோசிக்கட்டும் என்கிறாள் மகள். அக்காவின் படத்திலும் எனக்கு எடுத்த படத்திலும் பயப்பட ஒன்றும் இல்லை, வருடா வருடம் வர வேண்டும். என் செய்தியைக் கேட்டபோது அக்கா கிளினிக் வாசலில் நின்று அழுதாள். ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்பதை ஒருவழியாக ஒத்துக்கொண்டாள். காலையில் இரண்டு பேரும் வயல் வரம்புப் பாதையில் நடக்கிறோம். அவள் முன்னால் போய்விடுவாள், நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போவேன், நாய்கள் என்னை மட்டும் பார்த்துக் குரைக்கும்.

போன வெள்ளிக்கிழமை மாமி புதுத் துணி ஒன்றோடு என் வீட்டுக்கு வந்தார். தைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொன்னார். கோணல் தையல் போட்ட பழைய சட்டையைக் கழற்றினார். உள்ளே இடது பக்கத்தில் இலவம் பஞ்சு வைத்துத் தைத்த சின்னத் தலையணை ஒன்று இருந்தது. பாரம் பழகி ஒரு பக்கம் அமிழ்ந்திருந்தது. அதை எடுத்து மெசின் மேல் வைத்தார்.

"உள்ளுக்கு ஒரு பை வைச்சுத் தைச்சுத் தா" என்றார். "இது எந்த நேரமும் கீழை இறங்குது."

பிறகு அளக்கச் சொல்லிக் கைகளைத் தூக்கினார். வலது கை முழுவதும் எழும்பியது. இடது கை பாதியில் நின்றுவிட்டது. ஊரில் இத்தனை பேரை அளந்த எனக்கு நாடாவின் முனை பிடிபடவில்லை, கண்ணீர் மறைத்தது. நான் குனிந்து, அந்தக் கைக்குக் கீழால் நாடாவை எடுத்து, தழும்பின் மேல் மெல்லச் சுற்றிக் கொண்டு வந்தேன்.

"என்ன, நாடா காணாதோ?" என்றார் மாமி.

"காணும் மாமி" என்றேன். "மிச்சமும் கிடக்கு."